பாட்டிகளின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பியத் தந்தைவழியும் இந்தியத் தாய்வழியும் கொண்ட சென்னை ஆங்கிலோ இந்தியர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இங்கும் ஒட்டாமல் அங்கும் சேராமல் வாழ்ந்த வேரற்றவர்கள் என்பதனால்தானே அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் போனதற்கு வேலையே முதற்காரணம். ரயில்வே, சுங்கம், தபால் தந்தித் துறைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை அரசியல் சட்டமே பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து முடித்துவைத்தது. இதில் பெரிய மர்மம் ஏதுமில்லை.

ஆனால் வேரற்றவர்கள் என்று எத்தனை எளிதாக எழுதிவிட்டீர்கள்! சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலச் சிப்பாய்கள் இவ்வூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படியும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன், அதாவது ஒரு பொற்காசு, கொடுக்கும்படியும் 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து சென்னைக்கு எழுதினார்கள். அதே கம்பெனி 1791இல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே பணி இல்லை என்று கதவை அடைத்தது. வராகன் வாங்கிய அந்தத் தாய்மார் யார்? இந்த மண்ணின் பெண்கள்தானே? அவர்களுடைய பிள்ளைகளுக்கு இங்கே வேரில்லை என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

சிறுவயதில் பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆன்ட்டி இருந்தார். கூடத்தில் ரயில்வே சீருடையணிந்த கொள்ளுத்தாத்தாவின் படம் மாட்டியிருக்கும். அவர் கப்பலேறி வந்த ஊர்வரை ஆன்ட்டி சொல்வார். கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கேட்டால், ஞானஸ்நானத்தில் இட்ட மேரி என்ற பெயரைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை. ஆனால் அடுக்களையில் மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் அம்மியில் வைத்து நசுக்கி, புளியைக் கரைத்து ஊற்றி அவர் வைத்த பெப்பர் வாட்டர் என் அம்மா வைத்த ரசம்தான். அந்தக் கைப்பக்குவம் எந்தக் கப்பலிலும் வரவில்லை, நண்பரே.

இந்த மறதி தானாக நேர்ந்ததல்ல. அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவு, தந்தையோ தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருந்தால்தான் ஒருவர் ஆங்கிலோ இந்தியர் என்கிறது. ஆங்கிலோ இந்தியப் பெண் ஒரு தமிழரை மணந்து பெற்ற பிள்ளை, அவள் மடியிலேயே வளர்ந்து, அவள் மொழியையே பேசினாலும் இந்தக் கணக்கில் சேராது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் வெள்ளையர் எழுதிவைத்த தந்தைவழிக் கணக்கைச் சுதந்திர இந்தியாவும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது. மக்களவையில் அச்சமூகத்துக்கிருந்த இரண்டு நியமன இடங்கள்கூட 2020இல் நின்றுபோயின. அந்த வரையறையில் ஒரு சொல்லையும் எவரும் தொடவில்லை.