லிப்பிட்டின் அமைப்பையும் வேலையையும் மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

பிளஸ் ஒன் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: லிப்பிட் என்றால் கொழுப்பு என்கிறார்கள், பிறகு ஹார்மோன், வைட்டமின், செல் சவ்வு எல்லாம் ஏன் அதே பாடத்தில் வருகின்றன, உருப்போடாமல் இதைப் படிக்க வழி உண்டா என்று. உண்டு. நான் பாம்பன் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர், அம்மா கருவாடு போட்டு விற்றவர். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோது இந்தப் பாடம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டதற்கு எங்கள் அடுப்படியும் முற்றமும்தான் காரணம்.

புரதம் என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். லிப்பிட்டுக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. தண்ணீரில் கரையாது, ஈதர், குளோரோஃபார்ம் மாதிரியான கரைப்பான்களில் கரையும் என்ற குணத்தை வைத்துச் சேர்த்த கூட்டம் அது. அதனால்தான் நெய்யும், பனையோலையின் மேலிருக்கும் மெழுகும், வைட்டமின் டி-யும் ஒரே பெயருக்குள் வருகின்றன. இது தெரியாமல் படித்தால் பாடம் முழுக்கக் குழப்பமாகத்தான் இருக்கும்.

சரி, அடுப்படிக்கு வருவோம். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு கட்டும். பேச்சாளைக் குழம்பு (மற்ற ஊர்க்காரர்களுக்கு மத்தி என்றால் புரியும்) மறுநாள் காலையிலும் கட்டாது. இரண்டிலும் இருப்பது டிரைகிளிசரைடுதான். ஒரு கிளிசரால், அதில் வால் போலத் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். வித்தியாசம் அந்த அமிலங்களின் உருவத்தில் இருக்கிறது. ஆட்டுக் கொழுப்பில் ஏராளமாக இருக்கும் ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன், எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, நேரான வால். அடுக்கி வைத்த விறகு போல நெருங்கி உட்காரும். அது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓலியிக் அமிலத்திலும் அதே 18 கார்பன்தான், ஆனால் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் வால் வளைந்துவிடும். வளைந்த விறகை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? அது 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மீன் எண்ணெயில் உள்ள ஈபிஏ என்ற கொழுப்பு அமிலத்தில் 5 இரட்டைப் பிணைப்புகள், டிஎச்ஏ என்ற இன்னொன்றில் 6. இவை எங்கள் ஊர்ச் சூட்டில் உறைய வழியே இல்லை.

இது ஏன் மீனுக்கு வேண்டும்? ஆட்டின் உடம்பு எப்போதும் 39 டிகிரி பக்கம் இருக்கிறது, அதன் கொழுப்பு அங்கே இளகியே இருக்கும். பேச்சாளைக்கு அந்தச் சூடு கிடையாது, கடல் என்ன வெப்பமோ அதுதான் அதற்கும். குளிர்ந்த கடல் மீன்களுக்கு இந்த வளைவுகள் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. மீன் இந்த அமிலங்களில் பெரும்பங்கைத் தானாகச் செய்வதில்லை. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள் செய்கின்றன, அவற்றிலிருந்து மீனுக்கு வருகிறது, மீனிலிருந்து நமக்கு. நம் விழித்திரையிலும் மூளையிலும் டிஎச்ஏ நிறைய இருக்கிறது.

நான் எட்டாவது படித்த வருடம் ஒருநாள் பெரிய மீன்பாடு. பேச்சாளை விலை போகவில்லை. அம்மா அவ்வளவையும் கீறி, உப்புப் போட்டு, மணலில் காயவைத்தார். இரண்டு வாரத்தில் கருவாடு மஞ்சள் பூத்து, காறல் வாடை அடித்தது. வழக்கமாக எடுக்கும் வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உப்புப் போட்ட கைதான் தப்பு என்று அம்மா வெகுநாள் தன்னையே சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில்தான் எனக்குப் புரிந்தது, அவர் கையில் ஒரு தப்பும் இல்லை. உப்பு பாக்டீரியாவைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிய கார்பன்தான் ஆக்சிஜனுக்குப் பலவீனமான இடம். அங்கே ஒருமுறை பற்றினால் பக்கத்து வாலுக்கும் தாவும், கடைசியில் வால்கள் உடைந்து ஆல்டிஹைடுகள் உண்டாகும். அந்த வாடைதான் காறல். வெயிலும், உப்பில் கலந்திருக்கும் இரும்பும் அதை வேகப்படுத்தும். எண்ணெய் குறைந்த காரல் மீனும் திருக்கை மீனும் கருவாடாக நன்றாக நிற்பது அதனால்தான். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். உடனே ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்போ உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

அதே எண்ணெயைத்தான் தாத்தா வள்ளத்துப் பலகைக்குப் பூசுவார். ஆக்சிஜன் பட்டு, வால்கள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்லிய தோல் போல இறுகி, தண்ணீரை மரத்துக்குள் விடாது. கருவாட்டைக் கெடுத்த வேதிவினையும் இதுவும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன.

இனி செல் சவ்வு. என்னைக் கேட்டால் பாடத்தின் உயிரே இதுதான். கிளிசராலில் மூன்றாவது வாலை எடுத்துவிட்டு அங்கே பாஸ்பேட் உள்ள தலையை வையுங்கள், அது பாஸ்போலிப்பிட். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. வாடைக்காற்றில் ஆடுகள் முகத்தை உள்ளே புதைத்து முதுகை வெளியே காட்டி நெருங்கி நிற்குமே, அப்படித்தான் இவையும் வால்களை உள்ளே மறைத்து இரண்டு அடுக்காகச் சேர்ந்துகொள்கின்றன. யாரும் அடுக்கிவைக்க வேண்டாம். 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிட்டைப் பிரித்து நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு பரப்பு வந்தது. சவ்வு இரண்டு அடுக்கு என்று அவர்கள் சொன்னது அப்படித்தான். அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வளைந்த வால்கள் கலந்திருப்பதால் அது இறுகாமல் இளக்கமாக இருக்கிறது, புரதங்கள் அதில் நகர முடிகிறது.

சேமிப்பு வேலையை எல்லாரும் அறிவார்கள். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி, மாவுச்சத்து 4. வாடைக் காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கும் உள்ளான் பறவைகள் சைபீரியாவிலிருந்து பறந்து வருவது இந்தக் கொழுப்பை எரித்துத்தான்.

கடைசியாக, கொழுப்பு அமிலமே இல்லாத லிப்பிட். 1916-இல் சுஜிமோட்டோ என்ற ஜப்பானிய வேதியியலாளர் சுறா ஈரல் எண்ணெயில் கண்ட பொருளுக்கு ஸ்குவாலீன் என்று பெயர் வைத்தார். 30 கார்பன் உள்ள சங்கிலி அது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. தண்ணீரைவிட லேசான இந்த ஈரல் எண்ணெய்தான் அது மூழ்கிப்போகாமல் இருக்க உதவுகிறது. நம் உடலிலும் ஸ்குவாலீன் உண்டாகி, மடங்கி, நான்கு வளையங்களாகி, கொலஸ்டிரால் ஆகிறது. அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் பொருளில் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி. கொலஸ்டிராலிலிருந்து ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன், கார்டிசால் என்ற ஹார்மோன்களும் பித்த உப்புகளும். மிஞ்சிய கொலஸ்டிரால் சவ்வில் வால்களுக்கு இடையே உட்கார்ந்து, சூட்டில் அது மிகவும் இளகிவிடாமலும் குளிரில் இறுகிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. ரத்தக்குழாயில் படியும்போது அது கெடுதல் செய்வது உண்மைதான். ஆனால் அது இல்லாமல் நம் உடலில் ஒரு செல்கூட நிலைக்காது.

தேர்வில் பாஸ்போலிப்பிட் படம் கேட்டால் இரண்டு வாலையும் நேர்கோடாக இழுக்காதீர்கள். ஒன்றை நேராக விடுங்கள். இன்னொன்றை ஒன்பதாவது கார்பனில் வளைத்து வரையுங்கள்.