தாய் சி குருமார்கள்: கேள்விகளும் பதில்களும்

தாய் சி என்ற சீனச் சண்டைக் கலையின் வரலாறு பற்றி எதையும் கேட்கலாம். மூட்டுவலி, ரத்த அழுத்தம் என் துறை அல்ல.

கே: தாய் சியை உருவாக்கியவர் வூடாங் மலைத் துறவி ஜாங் சான்ஃபெங்தானே?

ப: இல்லை. அவரைச் சண்டைக் கலையோடு சேர்த்துப் பேசும் பழைய எழுத்து, 1669இல் அறிஞர் ஹுவாங் ஸோங்ஷி ஒரு வீரருக்கு எழுதிய கல்லறை வாசகம். அதிலும் தாய் சி என்ற பேச்சே கிடையாது. தடயம் பிடிபடுவது ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில்தான். 1930களில் வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ் அங்கே நேரில் போய் ஆராய்ந்து, 17ஆம் நூற்றாண்டின் சென் வாங்டிங்தான் மூலவர் என்றார். மிங் வம்சத் தளபதி சி ஜிகுவாங் பட்டியலிட்ட 32 நிலைகளில் 29 சென் குடும்பத்தாரிடம் இருப்பதையும் காட்டினார். சென் வாங்டிங்கை ஏற்காதவர்களும் உண்டு. அதனால் துறவி கதை நிஜமாகிவிடாது.

கே: யாங் பாணியைத் தொடங்கிய யாங் லூசானைத் 'தோல்வியே அறியாத யாங்' என்கிறார்களே, உண்மையா?

ப: நல்ல கேள்வி. ஹெபெய் மாகாணத்து யோங்நியனில் 1799இல் பிறந்தவர். சென்ஜியாகோவில் சென் குடும்பத்துக் குரு சென் சாங்சிங்கிடம் கற்று, பிறகு பெய்ஜிங் போய் மஞ்சு இளவரசர் வீடுகளில் பயிற்சி கொடுத்தார். இதுவரை சிக்கல் இல்லை. வேலைக்காரனாகச் சேர்ந்து சுவரோட்டை வழியாகத் திருட்டுத்தனமாகக் கற்றார் என்பது தொடர்கதைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியது. சவால் சண்டைக் கதைகளிலும் பெரும்பாலானவை அவர் இறந்த பிறகு, சீடர்களின் சீடர்கள் சொன்னவை.

அவர் பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவருடைய சொந்த ஊரான யோங்நியனில் வூ குடும்பம்: படித்தவர்கள், வசதியானவர்கள். வூ யூசியாங் யாங்கிடமும் கற்றார், சென் குடும்பத்துச் சென் சிங்பிங்கிடமும் கற்றார். ஓர் உப்புக்கடையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வாங் ஸோங்யுவேயின் தாய் சி ஏடு வெளியே வந்ததும் இந்தக் குடும்பம் வழியாகத்தான். கை யாங்குடையது, பேனா வூவினுடையது. பேனா இல்லாத குருமார் எத்தனை பேர் கிராமத்தோடு மறைந்தார்களோ! இன்று பூங்காக்களில் காணும் மெதுவான, அகன்ற அசைவுகள் பெரும்பாலும் யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபூ (1883-1936) வடிவமைத்தவை. தாத்தாவின் ஆட்டம் இப்படித்தான் இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

கே: தொடாமலே ஆளைத் தூக்கியெறியும் மாஸ்டர் வீடியோ பார்த்தேன்.

ப: விழுகிறவர் யார் என்று பாருங்கள். அவருடைய சொந்த மாணவர்.

கே: 1954 மக்காவ் சண்டையில் தாய் சி மாஸ்டர் வூ கோங்யிதானே ஜெயித்தார்?

ப: யாரும் ஜெயிக்கவில்லை. (இவர் மேலே சொன்ன வூ குடும்பம் அல்ல, வேறு வூ.) ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட ஜனவரி 17 அன்று நடந்தது. எதிராளி, வெண்கொக்கு என்ற வேறொரு சண்டைப் பாணியின் சான் ஹாக்ஃபூ. இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டு, 'வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை' என்று அறிவித்தார்கள்.

கே (அதே நண்பர்): சானின் மூக்கில் ரத்தம் வந்ததே! அப்புறம் என்ன?

ப: வந்தது. மூக்கு உடைந்தால் தோல்வி என்று அங்கே யாரும் விதி போடவில்லை. வூவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சானுக்கு முப்பதுகள். அந்த வயதில் தாக்குப்பிடித்ததே பெரிது என்பேன். படச்சுருள் இருக்கிறது. பாருங்கள்: இரண்டு பேருமே கையை வீசுகிறார்கள், புத்தகத்தில் உள்ள நளினம் எதுவும் தெரியாது.

கே: சான்தான் இளையவர், நிறுத்தாமல் விட்டிருந்தால் அவரே ஜெயித்திருப்பார்.

ப: விட்டிருந்தால், விட்டிருந்தால்... நிறுத்திவிட்டார்கள் ஐயா. இந்த வழக்கு எழுபது வருஷமாக நடக்கிறது, இங்கே தீர்ப்பு வராது. அடுத்தது.

கே: ஜாங் சான்ஃபெங் கனவில் கண்ட...

ப: முதல் பதில்.

கே: 2017இல் கலப்புச் சண்டை (MMA) வீரர் ஷூ ஷியாவ்டோங் 20 விநாடிக்குள் தாய் சி மாஸ்டர் வெய் லெய்யை வீழ்த்தினாரே, தாய் சியே பொய்தானா?

ப: ஒருவர் தோற்றார். 2020இல் மா பாவ்குவோ என்ற இன்னொரு தாய் சி மாஸ்டரும் அரை நிமிடத்தில் சுருண்டார். இருவரும் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். மறுபடியும் சொல்கிறேன்: சொந்த மாணவரைத் தவிர வேறு யாரையும் தள்ளிக் காட்டாத மாஸ்டரை நம்பாதீர்கள்.

கே: முழங்கால் வலிக்கு எந்தப் பாணி?

ப: மருத்துவரிடம் போங்கள்.

கே: புதிதாகத் தொடங்க எது?

ப: 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து சுருக்கித் தந்த 24 அசைவுகள். பழைய குருமார் வழி வந்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கவலைப்படாதீர்கள், ஆசிரியர் சுலபமாகக் கிடைப்பார்.