1969 கமாரோவுக்கு 450 குதிரைத்திறன்: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1969ஆம் ஆண்டின் செவ்ரோலெ கமாரோ ஒன்றை வாங்கியிருக்கிறேன். 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். வண்டி ஓடுகிறது, ஆனால் எண்ணெய் கசிகிறது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைந்திருக்கிறது. எஞ்சினை இறக்கிப் புதுப்பிக்கும்போதே 450 குதிரைத்திறனுக்கு உயர்த்திவிட விரும்புகிறேன். வார இறுதிகளில் குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் ஓட்டவும், எப்போதாவது பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் எண்ணம். எந்தக் கேம்ஷாஃப்ட், எந்தக் கார்புரேட்டர் வாங்கலாம்?

பதில்:

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு பாகங்களும் இந்த வேலையில் கடைசியாக முடிவு செய்ய வேண்டியவை. வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எந்தச் சுழற்சி வேகத்தில் நன்றாக வேலை செய்யும் என்பது கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலின் விகிதத்தையும் டயரின் உயரத்தையும் பொறுத்தது. அவற்றை முடிவு செய்யாமல் கேம்ஷாஃப்ட் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது. ஆகவே சாலையைத் தொடும் டயரில் தொடங்கி எஞ்சினை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் வரிசையில் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 450 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். 1969இல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்ற திறன்மிக்க வகைக் கமாரோவின் 350 எஞ்சினுக்கு நிறுவனம் அறிவித்த திறன் 300 குதிரைத்திறன். அது காற்று வடிகட்டி, முழுமையான சைலன்சர் அமைப்பு, எஞ்சின் சுழற்ற வேண்டிய துணைக்கருவிகள் ஆகியவை இல்லாமல் சோதனை மேடையில் அளக்கப்பட்ட மொத்தத் திறன். 1972இல்தான் அமெரிக்க நிறுவனங்கள், வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் நிகரத் திறனுக்கு மாறின. இன்றைய அளவுகோலில் உங்கள் பழைய எஞ்சின் தந்தது 300ஐ விடக் கணிசமாகக் குறைவு. அதனால் உண்மையான 450 என்பது, வண்டியின் மற்றப் பாகங்கள் எதுவும் எதிர்பார்த்திராத சுமை.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. எஞ்சின் பிளாக்கின் வலப்பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், தட்டையான சிறிய பரப்பு ஒன்று இருக்கும். அதைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எஞ்சினின் வகைக் குறியீடும் வண்டியின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் உங்கள் வண்டியின் எண்ணோடு பொருந்தினால், அது தொழிற்சாலையில் இந்த வண்டிக்குள்ளேயே வைக்கப்பட்ட எஞ்சின். பழைய கமாரோவின் மதிப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் பரப்பு, ஹெட் உட்காரும் மேல்தளத்தோடு ஒரே மட்டத்தில் இருப்பதால், பட்டறையில் மேல்தளத்தைச் சீவும்போது பொறித்த எண்ணும் அதோடு அழிந்துவிடும். நான் பார்த்த ஒரு வண்டியில், உரிமையாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதால், ஐம்பது ஆண்டுகள் காப்பாற்றப்பட்ட எண் அரை மணி நேரத்தில் போய்விட்டது. எண் பொருந்தினால் அந்த எஞ்சினை எண்ணெய் பூசி, உறையிட்டுப் பாதுகாத்து வைத்துவிட்டு, வேறொரு பிளாக்கில் உங்கள் 450ஐக் கட்டுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பொருந்தாவிட்டால் இருக்கும் பிளாக்கையே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

இனி வண்டியின் உடல். முதல் தலைமுறைக் கமாரோவில் முன்பகுதிக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. அது ரப்பர் புஷ்களின் வழியாக உடலோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின்பகுதியில் உடலே சட்டமாக நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் பொடிந்திருக்கும். அவை உட்காரும் இடங்களில் துரு பிடித்திருக்கும். டிக்கியின் தரை, பின் பக்கத் தகடுகளின் கீழ்விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ்மூலைகள் ஆகியவற்றையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துருவை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்த பின்னர், முன் சட்டத்தையும் பின்பகுதியையும் நீளவாட்டில் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர்களைப் பற்றவைத்துப் பொருத்துங்கள். வண்டியின் குணத்தை மாற்றும் வேலைகளில் இதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது வேறொன்றை நான் அறியேன்.

டயருக்கு வருவோம். அந்தக் காலத்துச் சஸ்பென்ஷனும் சக்கரக் கோண அளவுகளும் பயாஸ்-பிளை என்ற, இழைகள் குறுக்காகச் செல்லும் பழைய வகை டயர்களுக்காக வகுக்கப்பட்டவை. இன்றைய ரேடியல் டயரை மாட்டிவிட்டு, பழைய கையேட்டில் உள்ள அளவுகளுக்கே அலைன்மென்ட் செய்தால், வண்டி நேர்பாதையில் அலைபாயும். வளைவில் டயரின் வெளிவிளிம்பு மட்டும் தேயும். காஸ்டரை (பக்கத்திலிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) நான்கு பாகை அளவுக்கு நேர்மறையாகவும், கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) அரை முதல் ஒரு பாகை வரை எதிர்மறையாகவும் வைக்கச் சொல்லுங்கள். முன் சஸ்பென்ஷனின் மேல் கையின் உட்பக்க இணைப்பைச் சற்றுக் கீழே இறக்கும் பழைய பந்தயக்காரர்களின் உத்தி இன்றும் பலன் தருகிறது. வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து தரையை முழுமையாகப் பற்றிக்கொள்ளும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பள்ளம் தேயாமலே பத்தாண்டு கடந்த டயரோடு 450 குதிரைத்திறனைச் சேர்க்காதீர்கள்.

பிரேக்கில் தயக்கமே வேண்டாம். டிரம் பிரேக் ஒரு முறை நன்றாக நிறுத்தும். சூடேறிய பின் மூன்றாவது முறை நிறுத்தாது. தடத்தில் ஓட்டும் எண்ணம் இருப்பதால் முன்பக்கத்துக்காவது டிஸ்க் அவசியம். அதோடு மாஸ்டர் சிலிண்டரையும் முன்-பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் பொருத்தமானவையாக மாற்ற வேண்டும். இங்கேயே உங்கள் கேம்ஷாஃப்டும் குறுக்கிடுகிறது. பிரேக் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு வேலை செய்வது. ஐட்லிங்கில் ஏறக்குறைய 16 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் கிடைத்தால்தான் அது முழுமையாக உதவும். முரட்டுக் கேம்ஷாஃப்ட் போட்டு ஐட்லிங்கில் 10 அங்குலம்தான் கிடைக்கிறது என்றால், சிக்னலில் வண்டி கம்பீரமாகக் குலுங்கும், ஆனால் பிரேக் மிதி கல்லாக இருக்கும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் அந்தப் பேரம் கூடாது.

பின் ஆக்சிலின் மூடியில் எத்தனை போல்ட் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பன்னிரண்டு என்றால் வளைய கியரின் விட்டம் 8.875 அங்குலம், ஷாஃப்டுகளைச் சோதித்து, பேரிங்குகளைப் புதுப்பித்து, ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் விசை தரும் நல்ல லிமிடெட்-ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் போதும். பத்து என்றால் விட்டம் 8.2 அங்குலம்தான், பிடிப்புள்ள டயரும் 450 குதிரைத்திறனும் சேர்ந்தால் அது நெடுநாள் தாங்காது. மேலும் இந்த ஆக்சில்களில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய சி வடிவ வளையம் மட்டுமே. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும். ஆகவே பத்து போல்ட் வகையாக இருந்தால் ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலையோ புதிதாகச் செய்யப்பட்ட 12 போல்ட் ஆக்சிலையோ வாங்குவதற்கான பணத்தை இப்போதே ஒதுக்குங்கள். லீஃப் ஸ்பிரிங் ஒற்றைப் பட்டையாக இருந்தால், விசையில் அது எஸ் எழுத்தைப் போல் முறுகிச் சக்கரத்தைத் துள்ளவைக்கும். பல பட்டை கொண்ட ஸ்பிரிங்குக்கு மாறுங்கள்.

கியர்பாக்ஸில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 26 அங்குல உயர டயர், 3.73 ஆக்சில் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மூன்று வேகக் கியர்பாக்ஸில் மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 3,375 சுற்றுகள் சுழலும். அந்த இரைச்சலில் இரண்டு மணி நேரம் குடும்பத்தோடு பயணம் செய்ய முடியாது. 0.70 விகித ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட வெளிவரும் தண்டு வேகமாகச் சுழலும் உயர் கியர்) உள்ள நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் அதே வேகத்துக்கு 2,360 சுற்றுகளே போதும். ஓவர்டிரைவ் இருந்தால், புறப்படும்போது விசை தரும் ஆக்சில் விகிதத்தையும் நெடுஞ்சாலை அமைதியையும் சேர்த்தே பெறலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இதற்குத்தான் செலவிடுவேன்.

இப்போது எஞ்சின். 350இன் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 3.48 அங்குலம். சிலிண்டரை 0.030 அங்குலம் போரிங் செய்து, 3.75 அங்குல வீச்சுள்ள கிராங்க்ஷாஃப்டைப் போட்டால் கொள்ளளவு 383 கன அங்குலமாகும். நீங்கள் கேட்கும் திறனை 6,000 சுற்றுகளுக்குள், நல்ல டார்க்குடன் தருவதற்கு இதுவே நிதானமான வழி. இதில் மூன்று இடங்களில் பலர் தவறுகிறார்கள். ஒன்று, நீண்ட வீச்சில் சுழலும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பிலும் கேம்ஷாஃப்டிலும் உரசும். பூட்டுவதற்கு முன் கையால் சுழற்றிப் பார்த்து, வேண்டிய இடத்தில் தேய்த்து இடைவெளி உண்டாக்க வேண்டும். இரண்டு, உங்கள் காலத்து 350 உள்சமன் செய்யப்பட்டது, அதாவது சமன் எடைகள் எல்லாம் கிராங்க்ஷாஃப்டிலேயே இருக்கும். இந்த வீச்சு முதலில் வந்த 400 கன அங்குல எஞ்சினின் கிராங்க்ஷாஃப்டோ வெளிச்சமன் வகை, அதில் எடையின் ஒரு பகுதி அதிர்வடக்கும் முன் டாம்பரிலும் பின் தகட்டிலும் இருக்கும். வாங்கும் கிராங்க்ஷாஃப்ட் எந்த வகை என்று கேட்டு, அதற்கேற்ற முன் டாம்பரையும் பின் தகட்டையும் வாங்காவிட்டால் எஞ்சின் அதிர்ந்தே அழியும். மூன்று, 64 கன செ.மீ. அறையுள்ள ஹெட்டோடு தட்டைப் பிஸ்டன் போட்டால் கம்ப்ரெஷன் விகிதம் 11ஐத் தொடும். பம்பில் கிடைக்கும் பெட்ரோலுக்கு அது அதிகம். குழிவான பிஸ்டன் எடுத்து, அலுமினிய ஹெட்டோடு 10க்கு அருகில் நிறுத்துங்கள். பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே 0.040 அங்குலம் இருந்தால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுமீறி எரிந்து எஞ்சினைத் தட்டுவது) அடங்கும்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றுதல்) செய்கையில், ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட் என்ற கனத்த தகட்டைப் பூட்டுவார்களா என்று கேளுங்கள். ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் சற்றே கோணலாகும் என்பதால், அதே இறுக்கத்தில் வைத்து ஹோன் செய்தால்தான் ரிங் வட்டமான சுவரில் உட்காரும். கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கில் உட்காரும் பகுதியான மெயின் ஜர்னலின் விட்டம் 2.45 அங்குலம், விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய விதிப்படி 0.0025 அங்குலம் பேரிங் இடைவெளி சரியாக இருக்கும். அதை நீங்களே அளந்து எழுதி வையுங்கள். ரேடியேட்டரையும் விசிறி உறையையும் புதிதாக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிப்பதால் எரிபொருள் குழாய்கள் முழுவதையும் மாற்றுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை எல்எஸ் வி8 எஞ்சினைப் போடலாமே என்று பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். அது நல்ல எஞ்சின், எடையும் குறைவு; ஆனால் எரிபொருள் டாங்க், மின் இணைப்பு, எண்ணெய்த் தொட்டி, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே எஞ்சின் கெட்டுப்போய்ப் பிளாக்கும் பயன்படாது என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

இனி உங்கள் இரண்டு கேள்விகள். கார்புரேட்டருக்குக் கணக்கு எளிது: 383ஐ 6,000ஆல் பெருக்கி 3,456ஆல் (ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம், சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்புவதால் அதன் இரு மடங்கு) வகுத்தால் 665, சிலிண்டர் நிரம்பும் திறனை 90 விழுக்காடு என்று கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 கன அடி காற்று. 650 கன அடிக் கார்புரேட்டர் போதுமானது. 850ஐ மாட்டினால் தாழ்ந்த சுழற்சியில் காற்றின் வேகம் குறைந்து, மிதித்தவுடன் எஞ்சின் திணறும். கேம்ஷாஃப்டில், அடியில் உருளையுள்ள லிஃப்டர்களோடு (வால்வைத் தள்ளும் உருளைகள்) வேலை செய்யும் ஹைட்ராலிக் ரோலர் வகையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மம் குறைக்கப்பட்டுவிட்டதால், பழைய தட்டை டேப்பட் கேம்ஷாஃப்டுகளின் முனைகள் முதல் ஓட்டத்திலேயே தேய்ந்து, இரும்புத்தூள் எஞ்சின் முழுவதும் பரவிய நிகழ்வுகள் ஏராளம். 1987க்கு முந்தைய பிளாக்கில் ரோலர் லிஃப்டர்களைத் திரும்பாமல் பிடிக்கும் அமைப்பு இல்லை என்பதால் இணைப்புத் தகடுள்ள ரோலர் லிஃப்டர்களைக் கேட்டு வாங்குங்கள். லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளக்கையில் 224 முதல் 230 பாகைக்குள் திறப்புக் காலமும், உள்ளிழுக்கும் முனைக்கும் வெளியேற்றும் முனைக்கும் இடையே 112 பாகை லோப் இடைவெளியும் உள்ள கேம்ஷாஃப்ட், மேலே சொன்ன ஆக்சில், கியர்பாக்ஸ், பிரேக் பூஸ்டர் மூன்றோடும் இணங்கிப் போகும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாகத் தண்டு ஒன்றை இறக்கி, டிரில்லால் எண்ணெய் பம்பைச் சுழற்றுங்கள். எல்லா ராக்கர்களிலும் எண்ணெய் வடிவதைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து, அதன் மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம். மினுங்கும் துணுக்குகள் தெரிந்தால் வண்டியை நகர்த்தாமல் முதலில் பேரிங்குகளைக் கழற்றுங்கள்.