ஜாம்பி படங்களின் அரசியல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து வந்து மனிதர்களைக் கடித்துத் தின்னும் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை நேற்று பார்த்தேன். இனவெறியைப் பற்றிய படம் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். ஆனால் நடிப்புத் தேர்வில் நன்றாகச் செய்ததால்தான் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸை நாயகனாக்கினேன் என்று இயக்குநர் ரொமேரோவே சொல்லியிருக்கிறார். இல்லாத அரசியலை விமர்சகர்கள் ஏற்றிச் சொல்கிறார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரொமேரோ சொன்னது உண்மைதான். ஆனால் படத்தின் முடிவை இன்னொரு முறை பாருங்கள். இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த நாயகன் பென், விடிந்ததும் ஜாம்பி வேட்டைக்கு வந்த துப்பாக்கிக் கும்பலால் சுடப்பட்டுச் சாகிறான். அதுவரை ஓடிய படம் நின்றுபோய், புள்ளி புள்ளியான நிழற்படங்களாக மாறுகிறது. கொக்கிகளோடு வெள்ளையர்கள், கீழே கறுப்பு உடல், அப்புறம் நெருப்பு. கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்றுவிட்டு, உடலருகே நின்று படமெடுத்து, அதைத் தபால் அட்டையாக விற்ற நாடு அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது 1968 ஏப்ரலில்; படம் வந்தது அதே ஆண்டு அக்டோபரில். எழுதும்போது யாரும் நினைக்காததை, அந்த நடிகரும் அந்த ஆண்டும் சேர்ந்து படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதை விமர்சகர் பார்க்காமல் விட்டால்தான் தவறு.

ஜாம்பி பிறந்ததே அரசியலில்தான். கரீபியன் நாடான ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்குச் சாவுதான் விடுதலை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதே அங்கிருந்த பயம். அந்த ஜாம்பி கடிக்காது, உழைக்கும். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று உண்டு. ஒருவன் அரவைக்குள் விழுகிறான்; மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அப்போது ஹைட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது, 1915 முதல் 1934 வரை. என்னைத் தூங்கவிடாத காட்சி அது.

உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. என்ன அர்த்தம் சொன்னாலும் ஜாம்பி மறுத்துப் பேசாது. அதனால் கூட்டத்தைப் பார்த்ததும் கம்யூனிசம் என்கிறார் ஒருவர், அகதிகள் என்கிறார் இன்னொருவர். எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறார் என்றுதான் நான் பார்ப்பேன்.

ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' (1978) படத்தில் செத்தவர்கள் பழக்கத்தால் ஷாப்பிங் மாலைத் தேடி வருகிறார்கள். ஏன் என்பதைப் பாத்திரமே வசனத்தில் சொல்லிவிடுகிறது. விமர்சனங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். எனக்கு அதைவிடப் பெரிய இடம், உயிரோடிருக்கும் இருவர் மாலுக்குள் இருக்கும் வங்கியில், இனி எங்கும் செல்லாத பணத்தை அள்ளிக்கொள்ளும் காட்சி. அதை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.