செம்பனைத் தோட்டத்தில் இரவில் ஓடுவது நரியா?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. இல்லை. தீபகற்ப மலேசியக் காடுகளில் நரி இயற்கையாக வாழ்வதில்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மூசாங், அதாவது மரநாய்.

நரி என்பது நாய்க் குடும்பத்து விலங்கு. கூர்மையான மூக்கு, அடர்ந்த வால், வளையில் குட்டி போடும் பழக்கம். ஓநாய் போலக் கூட்டமாக வேட்டையாடாது. எலி, பூச்சி, பழம் என்று கிடைத்ததைத் தனியாகத் தேடித் தின்னும். அதனால்தான் செந்நரி ஐரோப்பிய நகரத் தெருக்களில்கூடப் பிழைக்கிறது. வங்காள நரிக்கு இந்தியாவின் வறண்ட புல்வெளி போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது சஹாரா பாலைவனத்தின் ஃபெனெக் நரி. உடம்பு பூனையைவிடச் சிறியது, காதோ 15 சென்டிமீட்டர் வரை நீளும்! சூடான கோப்பியைத் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறது அல்லவா? அகன்ற காதும் அப்படித்தான் உடல் சூட்டை வெளியே விடுகிறது. பனிப்பிரதேசத்து ஆர்க்டிக் நரிக்கு நேர்மாறு: சூடு போய்விடாமலிருக்கக் குட்டிக் காது, குளிர்காலத்தில் தடித்த வெள்ளை ரோமம்.

சரி, பெயரிலேயே நாய் இருக்கிறதே, மரநாய் நரிக்குச் சொந்தம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது, விலங்கியல்படி அது நாயைவிடப் பூனைக்குத்தான் நெருங்கிய உறவு.