வழியில் விட்டவை: வாசகர் கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் சீன அமெரிக்க எழுத்தாளர் ஏமி டானின் 'தி ஜாய் லக் கிளப்' நாவலைப் படித்தோம். போருக்குத் தப்பி ஓடும் ஒரு தாய், தன் இரட்டைக் குழந்தைகளைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். பெற்றவள் இப்படிச் செய்வாளா, கதைக்காகக் கட்டியதா என்று பெரிய விவாதம் நடந்தது. தங்கள் கருத்து என்ன?
(ஒரு வாசகி, மாட்டுங்கா)

கதைக்குப் பின்னால் இருக்கும் போர் கட்டியதன்று. 1937 ஜூலையில் பெய்ஜிங்குக்கு அருகே மார்கோ போலோ பாலத்தில் சீன, ஜப்பானியப் படைகளுக்கிடையே தொடங்கிய மோதல் முழுப் போராக மூண்டு, அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று அப்போதைய சீனத் தலைநகர் நான்ஜிங் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆறு வாரங்களில் அங்கே கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்று டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயமும், 3 லட்சம் என்று சீன அரசும் கணக்கிட்டுள்ளன. அரசு மேற்கே மலைநகரமான சோங்சிங்குக்கு இடம்பெயர, மக்களும் லட்சக்கணக்கில் அத்திசை நோக்கி நடந்தார்கள். நாவலில் வரும் குய்லின் நகரம் அப்படி வந்தவர்களால் நிரம்பி வழிந்த இடம். 1944இல் ஜப்பானியர் ஹெனான், ஹுனான் மாகாணங்கள் வழியே, குய்லின் இருக்கும் குவாங்ஷிக்குள் நுழைந்து, நவம்பரில் அந்நகரையும் பிடித்தார்கள்.

ஏமி டானின் சொந்தத் தாயும், முதல் மணத்தில் பிறந்த மூன்று பெண்மக்களைச் சீனாவில் விட்டுவிட்டு 1949இல் அமெரிக்காவுக்குப் போனவர். அந்த அக்காமார் இருப்பதே எழுத்தாளருக்குப் பதின்வயதில்தான் தெரிய வந்தது.

இதையெல்லாம் விட அந்தத் தாய் கதை சொல்லும் முறையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். குய்லின் கதையை அவள் மகளுக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது. மகளும் அதை ஒரு கட்டுக்கதை என்றே எண்ணி வளர்கிறாள். ஒரு மாலை முடிவு வேறு விதமாக வருகிறது. தள்ளுவண்டியின் சக்கரம் உடைந்தது, விளையாட்டு மேசையை விட்டேன், பைகளை ஒவ்வொன்றாக விட்டேன், சோங்சிங் போய்ச் சேரும்போது ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்த மூன்று பட்டு ஆடைகளைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாள். விட்ட பொருள்களின் பட்டியல் முடிந்த பிறகுதான், அப்படியானால் குழந்தைகள் எங்கே என்று மகளுக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது தாராவியில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஓர் ஆச்சி இருந்தார். 1942இல் ரங்கூனை விட்டுப் புறப்பட்டு, பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தவர். பித்தளைக் குடத்தை எந்த ஓடைக்கரையில் போட்டார், தையல் மிஷினை யார் வீட்டில் வைத்துவிட்டு வந்தார் என்றெல்லாம் பிசகாமல் சொல்வார். கூட நடந்த மகனைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று உங்கள் வட்டத்தில் எழுந்த கேள்வியை நான் அந்த ஆச்சியிடம் கேட்டிருக்க மாட்டேன்.

போருக்கு முன்பே அமெரிக்கா சென்ற சீனர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்களா? அவர்கள் எழுதியது ஏதேனும் உண்டா?
(கல்லூரி மாணவர், செம்பூர்)

இல்லை. 1869இல் முடிந்த கண்டம் தாண்டும் ரயில்பாதையின் மேற்குப் பகுதியை மலையைக் குடைந்து போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்களே. ஆயினும் 1882இல் சீனத் தொழிலாளர் வரவையே தடுக்கும் சட்டம் வந்தது. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோனதால், இங்கேயே பிறந்தவன் என்று சொல்லிக் குடியுரிமை பெறவும், குடியுரிமை பெற்ற ஒருவரின் மகன் என்று வேறொருவர் தாளை விலைக்கு வாங்கி வரவும் வழி பிறந்தது. அப்படி வந்தவர்களுக்குக் 'காகித மகன்கள்' என்றே பெயர். அவர்களைப் பிடிக்க, 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் அடைத்து வைத்து, உன் ஊர் வீட்டுக்கு எத்தனை படி, மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். உண்மையான மகனும் தடுமாறிப் போகும் கேள்விகள் அவை.

நீங்கள் கேட்ட எழுத்து அந்தத் தடுப்பு மனையின் மரச்சுவர்களில் இருக்கிறது. காத்திருந்தவர்கள் பழைய சீன யாப்பில் கவிதைகளைச் செதுக்கினார்கள். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. இடிக்கவிருந்த அந்தக் கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால் நமக்குக் கிடைத்தன. புலம்பெயர் இலக்கியம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு நாவல்களுக்கு முன்னால் இவற்றைத்தான் சொல்வேன். தடைச் சட்டம் 1943இல் நீங்கியது. சீனா போரில் நட்பு நாடாகிவிட்டதே அதற்குக் காரணம். அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம் தந்தார்கள்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவோர் சீன வரலாற்றை அயலாருக்கு ஏற்றபடி திரிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு சரியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், முலுண்ட்)

இக்குற்றச்சாட்டை உரக்க வைத்தவர், தாமும் சீன அமெரிக்கரான எழுத்தாளர் ஃபிராங்க் சின். இன்னொரு சீன அமெரிக்க எழுத்தாளரான மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1976இல் எழுதிய நூலில், முதுகில் சொற்களைப் பொறித்துக்கொண்டு போருக்குப் போகிறாள் சீனப் பழங்கதை வீராங்கனை முலான். முதுகில் எழுத்துப் பொறித்த கதை சோங் காலத் தளபதி யுவே ஃபெய்க்கு உரியது. மூலக்கதை தெரியாத வாசகர் இதையே சீன மரபென்று எடுத்துக்கொள்வார் என்ற வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்நிய ஊரில் வளரும் பிள்ளைக்குக் கதைகள் கலந்துதான் வருகின்றன. கட்டபொம்மனும் சத்ரபதி சிவாஜியும் ஒரே கோட்டையில் நின்று போரிடும் கதையைத் தாராவிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் வளர்ந்த ஊரின் உண்மை.

எழுத்தாளர் ஹா ஜின்னின் நிலை வேறு. 1956இல் லியாவோனிங்கில் பிறந்து, இளவயதிலேயே சீன ராணுவத்தில் பணியாற்றி, 1985இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர், 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய பிறகு திரும்புவதில்லை என்று முடிவெடுத்தார். கொரியப் போரில் சிறைப்பட்டு, ஊர் திரும்பியபின் துரோகிகளாக நடத்தப்பட்ட சீன வீரர்களைப் பற்றி அவர் 2004இல் ஒரு நாவல் எழுதினார். நான்ஜிங் பற்றிய அவருடைய நாவலின் மையத்தில் நிற்பவர் மின்னி வாட்ரின் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரியைத் திறந்துவிட்டு ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அடைக்கலம் தந்து, காப்பாற்ற முடியாமல் போனவர்களின் நினைவு தாங்காமல் 1941இல் அமெரிக்காவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். இத்தகைய எழுத்தைத் திரிபு என்று தள்ள என்னால் முடியாது.

அந்தப் போருக்கும் நம் மும்பைக்கும் தொடர்பு உண்டா?
(ஒரு வாசகர், சயான்)

உண்டு. 1938 செப்டம்பரில் ஐந்து இந்திய மருத்துவர்கள் போரில் காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்யப் பம்பாய்த் துறைமுகத்திலிருந்துதான் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் சோலாப்பூரில் பிறந்து இங்கே மருத்துவம் படித்த துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே மணமுடித்து, ஓய்வின்றி அறுவை சிகிச்சை செய்து, 1942 டிசம்பரில் தமது 32ஆம் வயதில் இறந்தார்.

தமிழில் இத்தகைய எழுத்து உண்டா?
(ஒரு வாசகி, டோம்பிவிலி)

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உண்டு. ஜப்பானியர் பிடியிலிருந்த சுமத்ராவின் மேடானையும் மலாயாவின் பினாங்கையும் அங்கே வாழ்ந்தறிந்த ஒருவரின் கண்ணால் காட்டும் நாவல் அது, 1972இல் வெளிவந்தது. சீனரும் தமிழரும் ஒரே துன்பத்தில் அக்கம்பக்கமாக நின்ற காலம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தவுடன் ஜப்பானியர் சீன ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜப்பானியர் தொடங்கிய சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். சீனர்களின் பேரப்பிள்ளைகள் எழுதியதில் நூற்றில் ஒரு பங்குகூட நம் பிள்ளைகள் எழுதவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் அடுத்த இதழ்களில் வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார்.