மின்னியலும் காந்தவியலும்: சூத்திரம் தெரியும், எங்கே பொருந்தும்?

பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சமன்பாடுகளைக் குறியீடுகளாக எழுதாமல் சொற்களாகவே எழுதியிருக்கிறேன். அப்படிப் படித்தால்தான் எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது கண்ணில் படும்.

கேள்வி: ஓர் இடத்தில் மின்புலம் சுழி என்றால் மின்னழுத்தமும் சுழிதானே சார்?

இல்லை. தலா 1 மைக்ரோ கூலூம் உள்ள இரண்டு நேர்மின்னூட்டங்களை 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். நடுப்புள்ளியில் இரண்டு புலங்களும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிடும், அதனால் மின்புலம் சுழி. மின்னழுத்தத்துக்குத் திசை கிடையாது. இரண்டும் கூடி 1,80,000 வோல்ட் ஆகும். இப்போது ஒரு மின்னூட்டத்தை மட்டும் எதிர்க்குறியாக மாற்றிப் பாருங்கள். மின்னழுத்தம் சுழியாகிவிடும், மின்புலமோ மீட்டருக்கு 18 லட்சம் வோல்ட். மின்னழுத்தம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் மின்புலம் சொல்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்பது அதற்குத் தேவையில்லை.

கேள்வி: காஸ் விதியில் உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை மட்டும்தானே எடுக்கிறோம்? அப்படியானால் வெளியே உள்ளவற்றால் புலம் இல்லையா?

நிச்சயமாக உண்டு. பாயம் என்பது பரப்பைக் கடக்கும் புலக்கோடுகளின் அளவு. மூடிய பரப்பின் வழியே செல்லும் மொத்தப் பாயம் = உள்ளிருக்கும் மின்னூட்டம் ÷ வெற்றிடத்தின் விடுதிறன் (இது ஒரு மாறிலி). இதில் ‘மொத்த’ என்பதை விட்டுவிட்டுப் படிப்பதால் வரும் சிக்கல் இது. வெளியே உள்ள மின்னூட்டத்தின் புலக்கோடுகள் பரப்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. கணக்கில் அவை கழிந்துபோகும், ஆனால் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அவற்றின் புலம் இருக்கத்தான் செய்கிறது. காஸ் விதி எல்லாப் பரப்புக்கும் உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்துப் புலத்தைக் கண்டுபிடிக்க கோளம், நீண்ட கம்பி, அகன்ற தகடு போன்ற சமச்சீர் வேண்டும்.

கேள்வி: திறனுக்கு இரண்டு சூத்திரம். ஒன்றில் மின்தடை மேலே, இன்னொன்றில் கீழே. மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா?

எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது. அங்கே மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை என்பதை எடுக்க வேண்டும், தடை கூடினால் திறன் குறையும். தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது. அங்கே மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை, தடை கூடினால் திறனும் கூடும்.

230 வோல்ட்டில் எரியும் 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளின் மின்தடை ஏறத்தாழ 882 ஓம், 529 ஓம். இரண்டையும் தொடரிணைப்பில் 230 வோல்ட்டில் போட்டால் 60 வாட் பல்புதான் கூடுதல் வெளிச்சம் தரும். தடைகள் மாறவில்லை என்று கொண்டால் அதற்கு 23 வாட், மற்றதற்கு 14 வாட். குளிர்ந்த இழையின் தடை குறைவு என்பதால் உண்மையில் எண்கள் மாறும், வரிசை மாறாது.

கேள்வி: எலக்ட்ரான்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன என்கிறார்கள். பிறகு சுவிட்ச் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது?

1 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம், அதாவது இழுப்புத் திசைவேகம், நொடிக்கு 0.07 மி.மீ. அளவுதான். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் விளக்கின் இழையிலும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சுவிட்ச் போட்டதும் பரவுவது மின்புலம். அது ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவி, எல்லா இடத்திலும் எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகர்த்துகிறது.

கேள்வி: காந்தப்புலம் மின்துகளின் வேகத்தைக் கூட்டுமா?

கூட்டாது. காந்த விசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து, ஆகவே செய்யும் வேலை சுழி. மின்துகள்களை முடுக்கும் கருவியான சைக்ளோட்ரானில் காந்தப்புலம் துகளை வளைக்கிறது, வேகம் தருவது மின்புலம்.

கேள்வி: ஃபாரடே விதியில் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் என்ன?

தூண்டப்படும் மின்னியக்கு விசை = − பாயம் மாறும் வீதம் என்பதுதான் அந்த விதி. குறியை விட்டால் எண் சரியாகவே வரும், இயற்பியல் போய்விடும். காந்தத்தின் வடமுனையைக் கம்பிச்சுருளை நோக்கித் தள்ளினால், சுருளின் அந்த முகம் வடமுனையாகி எதிர்க்கிறது. நீங்கள் அதை எதிர்த்துத் தள்ளச் செய்யும் வேலைதான் மின்னாற்றலாகிறது. குறி மாறியிருந்தால் சுருள் காந்தத்தை இழுக்கும், காந்தம் வேகமெடுக்கும், மின்னோட்டம் இன்னும் கூடும். ஒன்றும் கொடுக்காமலே ஆற்றல் பெருகிக்கொண்டிருக்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரியும்போது மிதிப்பது கனப்பது இதனால்தான்.

பலர் இதை ‘தூண்டப்பட்ட புலம் எப்போதும் எதிர்த்திசையில்’ என்று எழுதுகிறார்கள். தவறு. அது எதிர்ப்பது பாயத்தின் மாற்றத்தை. காந்தத்தை வெளியே இழுக்கும்போது பாயம் குறைகிறது, அப்போது தூண்டப்பட்ட புலம் காந்தத்தின் புலத்தோடு ஒரே திசையில் நின்று அதைத் தாங்கப் பார்க்கும். நேரம் கிடைத்தால் வலுவான நியோடிமியம் காந்தத்தைத் தாமிரக் குழாய்க்குள் போட்டுப் பாருங்கள். தாமிரம் காந்தத்தில் ஒட்டாத உலோகம், ஆனாலும் காந்தம் மெல்ல மெல்ல இறங்கும்.

கேள்வி: இடப்பெயர்ச்சி மின்னோட்டம் எதற்கு? மின்தேக்கியின் தட்டுகளுக்கு நடுவே எதுவுமே ஓடவில்லையே?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மின்னேற்றம் ஆகிக்கொண்டிருக்கும் மின்தேக்கியின் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் வரையுங்கள். ஆம்பியர் விதிப்படி, வளையத்தைச் சுற்றிய காந்தப்புலத்தைக் கணக்கிட, அந்த வளையத்தை விளிம்பாகக் கொண்ட ஏதாவது ஒரு பரப்பின் வழியே போகும் மின்னோட்டத்தை எடுக்க வேண்டும். தட்டையான பரப்பைக் கம்பி துளைத்துச் செல்கிறது. பை போலப் புடைத்துத் தட்டுகளுக்கு நடுவே போகும் பரப்பில் மின்னோட்டமே இல்லை. ஒரே வளையத்துக்கு இரண்டு விடை இருக்க முடியாது. அங்கே மாறிக்கொண்டிருப்பது மின்புலம். அதன் பாயம் மாறும் வீதத்தை விடுதிறனால் பெருக்கிக் கூட்டிக்கொண்டார் மேக்ஸ்வெல். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் எனப்படும் அந்த மதிப்பு கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்குச் சரியாகச் சமம்.

இந்த ஒரு உறுப்பைச் சேர்த்ததும், மாறும் மின்புலம் காந்தப்புலத்தையும் மாறும் காந்தப்புலம் மின்புலத்தையும் உண்டாக்க, இரண்டும் அலையாகப் பயணிக்கலாம் என்று வந்தது. அதன் வேகம் = 1 ÷ √(விடுதிறன் × உட்புகுதிறன்). 8.85 × 10⁻¹², 4π × 10⁻⁷ என்ற இரண்டு எண்களையும் நீங்களே கால்குலேட்டரில் போடுங்கள், நொடிக்கு 3 × 10⁸ மீட்டர் வரும். இதற்கு வேண்டிய அளவீட்டை ஜெர்மன் இயற்பியலாளர்கள் வேபரும் கோல்ராஷும் 1856-ல் மின்னூட்டங்களை வைத்தே செய்திருந்தார்கள், அதில் ஒளியை யாரும் அளக்கவில்லை. மேக்ஸ்வெல் 1865-ல் ஒளியே மின்காந்த அலைதான் என்று எழுதினார். அத்தகைய அலைகளை ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டியது 1887-88-ல்தான். மேக்ஸ்வெல் அப்போது உயிரோடு இல்லை.